தொழிற்கூடத்துக்குத் தேய்மானம் தாங்கும் பூச்சு: தேர்வு முதல் சரிபார்ப்பு வரை

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் முதலில் கேட்பது "எந்தப் பெயின்ட் நல்லது?" என்றுதான். அதற்குப் பதில் கிடையாது. இரண்டு ஆண்டு கூடத் தாங்காமல் உரிந்த பூச்சும், அதே டப்பாவிலிருந்து எடுத்து அடித்து இருபது ஆண்டு நின்ற பூச்சும் உண்டு. முன்னதில் தளம் சரியாகத் தயாராகவில்லை, அல்லது அந்த இடத்துக்குப் பொருந்தாத வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஆகவே கடைக்காரரின் வண்ண அட்டையை எடுக்குமுன் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றி வாருங்கள்.

முதல் படி: எது தின்கிறது என்று எழுதுங்கள்

ஒவ்வொரு பரப்புக்கும் தனித்தனியாகக் குறியுங்கள்: கூரைத் தாங்கிகள், தூண்களின் அடிப்பகுதி, தரை, தொட்டியின் உள்பக்கம், குழாய்கள், சரிவுத் தொட்டிகள். ஒரே கட்டடத்துக்குள்ளேயே ஐந்தாறு விதமான பூச்சு தேவைப்படும். முழுக் கட்டடத்துக்கும் ஒரே பெயின்ட் என்று முடிவெடுத்தால், சில இடங்களில் பணம் வீணாகும், சில இடங்களில் பூச்சு தோற்கும்.

குறிக்க வேண்டியவை இவை. அங்கே உரசுவது எது: சக்கரமா, காலணியா, பாயும் மணலா, விழும் கல்லா? என்ன ரசாயனம், எத்தனை சதவீதம், எத்தனை டிகிரியில், தெறிக்கிறதா அல்லது தேங்குகிறதா? பரப்பின் அதிகபட்ச வெப்பநிலை என்ன? வெயில் படுமா? எதைக் கொண்டு கழுவுகிறார்கள், வெந்நீரா, நீராவியா? வேலைக்காக எத்தனை மணி நேரம் அந்த இடத்தை நிறுத்திவைக்க முடியும்? கடைசிக் கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏழு நாள் உலர வேண்டிய பூச்சைத் தேர்ந்தெடுத்துவிட்டு இரண்டாம் நாளே வண்டி ஓட்டினால், பிறகு யாரைக் குறை சொல்வது?

தேய்மானம் என்ற சொல்லுக்குள் வெவ்வேறு தாக்குதல்கள் ஒளிந்திருக்கின்றன. சாய்வாக உரசிக்கொண்டு பாயும் மணலுக்குக் கடினமான பூச்சு நன்றாகத் தாங்கும். நேராக வந்து மோதும் கல்லுக்கோ கடினம் மட்டும் இருந்தால் போதாது. கடினமான பூச்சு செங்குத்து மோதலில் நொறுங்கும், ரப்பர் போல இழுபடும் பூச்சு அடியை வாங்கித் திருப்பிவிடும். அதனால் சரிவுத் தொட்டியின் சாய்ந்த பக்கத்துக்குப் பீங்கான் துகள் கலந்த எபாக்ஸியும், கல் நேரே விழும் இடத்துக்குப் பாலியூரியாவோ ரப்பர் விரிப்போ சரிப்படும். "ரொம்ப ஹார்டு" என்ற விளம்பரத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

சூழலின் கடுமையை அளப்பது

எஃகு அமைப்புகளுக்கு ஐஎஸ்ஓ 12944 என்ற தரநிலை உதவும். அது காற்றின் அரிக்கும் தன்மையை சி1 முதல் சி5 வரையும், அதற்கும் மேலாகக் கடல்மேடை போன்ற கடுமையான இடங்களுக்கு சிஎக்ஸ் என்றும் பிரிக்கிறது. சூடாக்கிய, உலர்ந்த உட்புறம் சி1; சாதாரண நகரக் காற்று சி3; ரசாயனக் கூடங்களும் மிதமான உப்புக்காற்று வீசும் கடலோரமும் சி4; ஈரமும் ரசாயனமும் உப்பும் மிகுந்தவை சி5. நீரில் மூழ்கும், மண்ணில் புதையும் எஃகுக்குத் தனி வகைகள் உண்டு.

அதே தரநிலை ஆயுளையும் நான்காகப் பிரிக்கிறது: 7 ஆண்டு வரை குறைவு, 7 முதல் 15 வரை நடுத்தரம், 15 முதல் 25 வரை அதிகம், 25க்கு மேல் மிக அதிகம். இது உத்தரவாதக் காலம் இல்லை. முதல் பெரிய பராமரிப்பு எப்போது தேவைப்படும் என்பதற்கான மதிப்பீடு மட்டுமே. ஒப்பந்தத்தில் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பின்னால் சண்டை போடுபவர்கள் நிறைய.

பூச்சு வகைகள்: எது எங்கே, எங்கே கூடாது

ஆல்கைட் என்பது ஒரே டப்பாவில் வரும் சாதாரண எனாமல் வகை. உலர்ந்த உட்புற எஃகுக்குப் போதும். துத்தநாகம் பூசிய தகட்டின் மேலும் சிமெண்ட் பரப்பின் மேலும் மட்டும் அடிக்காதீர்கள். அங்கே எண்ணெய்ப் பிசின் சோப்பாக மாறிவிடும், பூச்சு தோல் போல உரிந்து வரும்.

பிசினையும் இறுக்கும் பாகமான ஹார்டனரையும் கலந்து அடிக்கும் எபாக்ஸிதான் தொழிற்கூடங்களின் முதுகெலும்பு. நன்றாகப் பிடிக்கும், காரம், எண்ணெய், நீர் தாங்கும். ஆனால் வெயிலில் சுண்ணாம்பு போலப் பொடிந்து மங்கும். ஆகவே வெளிப்புறத்தில் எபாக்ஸியின் மேல் அலிஃபாட்டிக் பாலியூரித்தேன் அல்லது பாலிசிலோக்சேன் மேல்பூச்சு அவசியம். வெறும் "பாலியூரித்தேன்" என்று எழுதியிருந்தால் அலிஃபாட்டிக்கா அரோமாட்டிக்கா என்று கேளுங்கள். இரண்டாவது வகை வெயிலில் மஞ்சளாகும். சாதாரண எபாக்ஸி அசிட்டிக், லாக்டிக் போன்ற கரிம அமிலங்களுக்கும் அடர்த்தியான கந்தக அமிலத்துக்கும் தோற்கும். அங்கே நோவோலாக் எபாக்ஸியையோ வினைல் எஸ்டரையோ பாருங்கள். அப்போதும் அமிலத்தின் பெயர், அடர்த்தி, வெப்பநிலை மூன்றையும் எழுதிக்கொடுத்து, தாங்கும் என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

ஜிங்க் ப்ரைமர், அதாவது துத்தநாகத் தூள் கலந்த அடிக்கோட், தன்னைக் கரைத்துக்கொண்டு எஃகைக் காக்கும். ஐஎஸ்ஓ 12944 தரநிலையின்படி உலர்ந்த படலத்தில் எடைக்கு 80 சதவீதமாவது துத்தநாகத் தூள் இருந்தால்தான் அதற்கு அந்தப் பெயர். துகளும் எஃகும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பதால், துருவின் மேல் அடித்தால் பயனே இல்லை. பிளாஸ்டிங் செய்த, அதாவது கடினத் துகள்களை வேகமாக அடித்துச் சுத்தமாக்கிய வெள்ளை எஃகு வேண்டும். அமிலமோ கடுங்காரமோ சிந்தும் இடத்தில் துத்தநாகம் கரைந்துபோகும், அங்கே வேண்டாம்.

சூட்டுக்கு வருவோம். எபாக்ஸியும் பாலியூரித்தேனும் உலர் வெப்பத்தில் ஏறத்தாழ 120 டிகிரி வரைதான். ஜிங்க் ப்ரைமரில் ஒரு வகையான ஜிங்க் சிலிகேட் 400 டிகிரி வரை நிற்கும். அதற்கு மேல் அலுமினியம் கலந்த சிலிகோன். இந்தச் சிலிகோனை ஒரு கோட்டுக்கு 20 முதல் 25 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) என்று மெல்லியதாகத்தான் அடிக்க வேண்டும். தடிமனாக அடித்தால் முதல் சூட்டிலேயே கொப்புளம் கிளம்பும்.

பாலியூரியா தெளித்த சில நொடிகளில் இறுகும், நீளும், மோதலைத் தாங்கும். ஆனால் இரு பாகங்களையும் சூடாக்கி அதிக அழுத்தத்தில் கலக்கும் இயந்திரமும், அதை இயக்கிப் பழகிய கையும் வேண்டும். ரோலரில் அடிக்கும் வேலை அல்ல.

எஃகுக்கு ஒரு மாதிரித் திட்டம்

சி5 சூழலில் "அதிகம்" என்ற ஆயுள் வேண்டுமானால் இப்படி அமைக்கலாம்: எபாக்ஸி ஜிங்க் ப்ரைமர் 60 மைக்ரான், அதன் மேல் இரும்பு ஆக்சைடுச் செதில் கலந்த எபாக்ஸி 140 மைக்ரான், மேலே பாலியூரித்தேன் 60 மைக்ரான். மொத்தம் 260. சி4-இல் இதே ஆயுளுக்கு 200 மைக்ரான் அளவில் போதும். செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடு வேய்ந்ததுபோல் படுத்துக்கொள்வதால், ஈரம் உள்ளே வரச் சுற்றி வளைந்து நெடுந்தூரம் கடக்க வேண்டியிருக்கிறது. நடுக்கோட்டின் வேலையே அதுதான்.

மூன்று கோட்டையும் ஒரே தயாரிப்பாளரிடம் வாங்குங்கள். பழைய பூச்சின் மேல் அடிப்பதாக இருந்தால், முதலில் தின்னர் நனைத்த துணியால் தேய்த்துப் பாருங்கள். கரைந்து வந்தால், வலுவான கரைப்பான் உள்ள எபாக்ஸி அதைச் சுருட்டிவிடும். எப்படியானாலும் ஒரு சதுர மீட்டரில் அடித்து, ஒரு வாரம் விட்டு, பிடிப்பைச் சோதித்த பிறகே மற்ற இடத்தைத் தொடுங்கள்.

தளத் தயாரிப்பு: பணம் இங்கேதான் போக வேண்டும்

பூச்சு உரிந்த இடங்களைத் தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் கிடைப்பது கீழே விட்டுவைத்த துரு, எண்ணெய், உப்பு, தூசி இவற்றில் ஒன்றுதான். எஃகில் வரிசை மாறக்கூடாது:

1. வெல்டிங் சிதறல்களை கிரைண்டரால் எடுத்து, கூர்மையான விளிம்புகளை 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு உருட்டுங்கள். கூர்விளிம்பில் பெயின்ட் விலகி மெலிந்துவிடும், துரு அங்கேதான் தொடங்கும்.
2. எண்ணெய், கிரீஸை டிடர்ஜென்ட்டால் கழுவுங்கள். இதைச் செய்யாமல் பிளாஸ்டிங் செய்தால், எண்ணெயைக் குழிகளுக்குள் அடித்து இறக்குவதுபோல் ஆகும். கழுவிய பரப்பில் தண்ணீர் முத்துமுத்தாக உருண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது; சீராகப் பரவினால் போய்விட்டது.
3. கடலோரம், ரசாயனக் கூடம் என்றால் நல்ல தண்ணீரால் உயர் அழுத்தத்தில் கழுவி உப்பை வெளியேற்றுங்கள். குழிக்குள் இருக்கும் உப்பைப் பிளாஸ்டிங் எடுக்காது. ஒட்டுப்பை வைத்து அளக்கும் பிரெஸ்லே சோதனை இதற்கு உண்டு. நீரில் மூழ்கும் பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 20 மில்லிகிராம் என்ற வரம்பைப் பலரும் வைக்கிறார்கள்.
4. எஸ்ஏ 2½ தரத்துக்குப் பிளாஸ்டிங் செய்யுங்கள். அதாவது துருவும், எஃகை ஆலையில் உருட்டும்போது படியும் ஆலைச் செதிலும் போய், லேசான கறைச் சாயல் மட்டும் மிஞ்சலாம். சொரசொரப்பு 50 முதல் 75 மைக்ரான் ஆழம் இருக்கட்டும்.
5. தூசியை ஊதி, உறிஞ்சி எடுத்து, மீண்டும் துரு பூக்குமுன் அன்றே ப்ரைமர் அடியுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் என்பது நல்ல பழக்கம்.

பிளாஸ்டிங் செய்ய முடியாத இடத்தில் இயந்திர வயர் பிரஷ், கிரைண்டர் கொண்டு எஸ்டி 3 தரம் வரை போகலாம். அப்போது ஜிங்க் ப்ரைமரை விட்டுவிட்டு, இப்படிப்பட்ட பரப்புக்கென்றே வரும் எபாக்ஸி மாஸ்டிக்கை எடுங்கள். எதிர்பார்க்கும் ஆயுளையும் குறைத்துக் கணக்கிடுங்கள். வயர் பிரஷ் போட்டுப் பளபளவென்று மின்னும் எஃகைப் பார்த்து ஏமாற வேண்டாம். மழுங்கிய பளபளப்பில் பிடிப்பு குறைவு.

தரை தனிக் கதை

கான்கிரீட் தரையில் தோல்விக்கு முதல் காரணம் ஈரம். புதுக் கான்கிரீட் 28 நாளாவது ஆறவேண்டும். அதன் பிறகும் ஈரம் எடைக்கு 4 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் சாதாரண எபாக்ஸி. கருவி இல்லாவிட்டால், 45 சென்டிமீட்டர் சதுரத் தெளிந்த பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் மூடி, 16 மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள். அடியில் வியர்வையோ கருமையோ தெரிந்தால் காத்திருங்கள். தரைத்தளத்துக்குக் கீழே ஈரத்தடைத் தாள் இல்லையென்றால் காத்திருந்தும் பயனில்லை. ஈரம் மண்ணிலிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். ஈரம் தாங்கும் சிறப்பு ப்ரைமர் தேவைப்படும்.

இரண்டாவது காரணம் சிமெண்ட் பால். கான்கிரீட்டின் மேல் வெள்ளையாகப் படியும் அந்தப் பலவீனமான ஏட்டின் மேல் அடித்தால், பூச்சு ஏட்டோடு சேர்ந்து பெயர்ந்து வரும். வைரக் கிரைண்டர் அல்லது ஷாட் பிளாஸ்டிங் கொண்டு, மணல் தெரியும்வரை எடுக்க வேண்டும். அமிலம் ஊற்றிக் கழுவும் பழைய முறையை விட்டுவிடுங்கள். எண்ணெய்க் கறை மேல் அது வேலை செய்யாது, எச்சம் தங்கிப் பிடிப்பைக் கெடுக்கும். தயாரான தரையின் இழுவை வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 1.5 நியூட்டனாவது இருக்கட்டும். அதைவிடக் குறைந்தால் மேலே எதைப் போட்டாலும் கான்கிரீட்டே பிளந்து வரும்.

தடிமனைப் போக்குவரத்துதான் தீர்மானிக்க வேண்டும். நடமாட்டமும் கைவண்டியும் மட்டும் என்றால் 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு ரோலர் கோட் போதும். ஃபோர்க்லிஃப்ட் ஓடினால் தானே மட்டமாகும் எபாக்ஸி 2 முதல் 3 மில்லிமீட்டர். இரும்புச் சக்கரம், இழுக்கும் தட்டு, விழும் பாகம் என்றால் குவார்ட்ஸ் மணல் கலந்து கரண்டியால் தேய்க்கும் காரை, 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும். வெந்நீரும் நீராவியும் கொட்டும் சமையல்கூடம், பானத் தொழிற்கூடம் ஆகியவற்றில் எபாக்ஸியைத் தேர்வு செய்யாதீர்கள். ஏறத்தாழ 50, 60 டிகிரியிலேயே அது இளக ஆரம்பிக்கும், சூடும் குளிரும் மாறிமாறி இழுத்துத் தரையிலிருந்து பிரித்துவிடும். அங்கே பாலியூரித்தேன் சிமெண்ட், 6 முதல் 9 மில்லிமீட்டர். விலை கூடுதல்தான், இருமுறை எபாக்ஸி போட்டுப் பெயர்த்தெடுக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு முக்கியமான நுணுக்கம்: காலையில் வெயில் ஏற ஏறக் கான்கிரீட்டின் துளைகளில் உள்ள காற்று விரிந்து மேலே வரும், ப்ரைமரில் ஊசித்துளைகள் விழும். தரையின் சூடு இறங்கும் பிற்பகல், மாலை நேரத்தில் ப்ரைமர் அடித்தால் காற்று உள்ளிழுக்கும், ப்ரைமரும் உள்ளே இறங்கும். கட்டடத்தின் விரிவு இணைப்புகளைப் பூச்சால் மூடாதீர்கள். அதே கோட்டில் வெட்டி, நெகிழும் சீலன்ட் நிரப்புங்கள். வழுக்காமல் இருக்க ஈரக்கோட்டின் மேல் மணல் தூவலாம். ஆனால் சொரசொரப்பு கூடக்கூடச் சுத்தம் செய்வது கடினமாகும் என்பதைச் சுத்தம் செய்பவர்களிடமும் பேசி முடிவெடுங்கள்.

விவரத்தாளை வாசிப்பதும் அளவு போடுவதும்

தேய்மானத்துக்கு டேபர் சோதனை எண் தந்திருப்பார்கள்: சுழலும் உராய்வுச் சக்கரங்களின் கீழ் எத்தனை மில்லிகிராம் எடை போனது என்று. எண் சிறிதாக இருந்தால் நல்லது. ஆனால் சக்கரத்தின் வகை, மேலே வைத்த எடை, சுற்றுகளின் எண்ணிக்கை மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் இரண்டு பெயின்ட்டை ஒப்பிட முடியும். சிஎஸ் 17 சக்கரம், 1000 கிராம், 1000 சுற்று என்ற குறிப்பைத் தேடுங்கள். குறிப்பே இல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

அடுத்து வாங்கும் அளவு. இதற்கு வேண்டியது கன அளவுத் திடப்பொருள் சதவீதம். அதைப் பத்தால் பெருக்கி, தேவையான உலர் மைக்ரானால் வகுத்தால் ஒரு லிட்டருக்கு எத்தனை சதுர மீட்டர் என்று வரும். திடப்பொருள் 60 சதவீதம், தடிமன் 120 மைக்ரான் என்றால், 600ஐ 120ஆல் வகுக்க, லிட்டருக்கு 5 சதுர மீட்டர். 400 சதுர மீட்டருக்குக் கணக்குப்படி 80 லிட்டர். ஸ்ப்ரேயில் 30 சதவீதம் வீணாகும் என்று வைத்தால் 80ஐ 0.7ஆல் வகுத்து 114 லிட்டர் வாங்க வேண்டும். குழி விழுந்த பழைய எஃகு இன்னும் குடிக்கும்.

ஈரத் தடிமனும் இதே போல: 120 மைக்ரான் உலர்ந்து நிற்க, 60 சதவீதப் பெயின்ட்டை 200 மைக்ரான் ஈரமாக அடிக்க வேண்டும். 10 சதவீதம் தின்னர் சேர்த்தால் அது 220 ஆகும். தின்னரைத் தாராளமாக ஊற்றிவிட்டு ஈரத் தடிமனைப் பழைய எண்ணிலேயே வைத்திருப்பதால்தான் பல இடங்களில் பூச்சு மெலிகிறது.

அடிக்கும் நாள்

காலையில் மூன்று அளவுகள் எடுங்கள்: காற்றின் வெப்பம், ஈரப்பதம், எஃகின் வெப்பம். எஃகு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 3 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும், ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலத்தின் மேல்தான் பெயின்ட் உட்காரும். ஜிங்க் சிலிகேட் மட்டும் நேர்மாறு. அது காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும், 50 சதவீதத்துக்குக் கீழே போனால் பொடியாகவே கிடக்கும்.

இருபாகப் பெயின்ட்டில் முதலில் அடிப்பாகத்தை மட்டும் இயந்திரக் கலக்கியால் அடிவரை கலக்குங்கள். பிறகு ஹார்டனரை முழுவதும் ஊற்றிக் கலந்து, கடைசியில்தான் தின்னர். டப்பாவைப் பாதியாகப் பிரித்துக் கண் அளவில் கலக்கக் கூடாது. விகிதம் தவறினால் பிசுபிசுப்பு போகவே போகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கலந்த பெயின்ட்டின் பயன்பாட்டு நேரம் வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய பாதியாகும். நேரம் கடந்து கெட்டிப்படத் தொடங்கியதைத் தின்னர் ஊற்றி உயிர்ப்பிக்க முயலாதீர்கள்.

பெரிய பரப்புக்கு முன் வெல்டிங் கோடு, விளிம்பு, போல்ட், மூலைகளில் பிரஷ்ஷால் ஒரு கோட் கொடுங்கள். ஸ்ப்ரே அங்கெல்லாம் சரியாகச் சேராது. அடிக்கும்போதே ஈரத் தடிமன் சீப்பை அழுத்திப் பாருங்கள். குறை தெரிந்தால் அப்போதே சரிசெய்யலாம்.

அடுத்த கோட்டுக்குக் குறைந்தபட்ச இடைவெளியைப் போலவே அதிகபட்ச இடைவெளியும் உண்டு. எபாக்ஸியில் அதைத் தாண்டினால் மேல்கோட் பிடிக்காமல் தகடு தகடாக உரியும். உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பிறகே அடிக்க வேண்டும். குளிரும் ஈரமும் சேர்ந்த இரவில் எபாக்ஸி மேல் மெழுகு போன்ற பிசுக்கு படிவதும் உண்டு. வெதுவெதுப்பான நீரும் டிடர்ஜென்ட்டும் கொண்டு கழுவி எடுங்கள். தின்னரால் துடைத்தால் பரவத்தான் செய்யும்.

கவசம் இல்லாமல் தொடங்காதீர்கள். பாலியூரித்தேன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கும், ஸ்ப்ரே அடிப்பவருக்கு வெளிக்காற்று வரும் முகமூடி வேண்டும். எபாக்ஸி தோலில் பட்டுப்பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் வாழ்நாள் முழுக்க விடாது. பிளாஸ்டிங்குக்கு ஆற்றுமணல் கூடாது. அதன் சிலிக்கா தூசி நுரையீரலைக் கெடுக்கும் சிலிகோசிஸ் நோயைத் தரும், கார்னெட் என்ற கனிமத் துகளைப் பயன்படுத்துங்கள். தொட்டிக்குள் அடித்தால் கரைப்பான் ஆவி வெடிக்கும் அளவுக்குச் சேரலாம். காற்றோட்டமும் வாயு அளவிடும் கருவியும், வெளியே ஒரு காவலாளும் இருந்தாக வேண்டும்.

சரிபார்த்துத் திறந்துவிடுவது

உலர்ந்ததும் காந்தத் தடிமன் மீட்டரால் அளந்து எழுதிவையுங்கள். எந்த ஒரு அளவும் குறித்த தடிமனில் 80 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது, சராசரி குறித்த அளவை எட்ட வேண்டும், எங்கேயும் மூன்று மடங்கைத் தாண்டக்கூடாது. தடிமன் கூடினால் பலம் கூடும் என்று நினைக்க வேண்டாம். கரைப்பான் உள்ளே சிக்கிக் கொப்புளிக்கும். ஜிங்க் சிலிகேட் 125 மைக்ரான் தாண்டினால் வறண்ட ஏரி மண்போல வெடிக்கும்.

தொட்டியின் உள்பக்கத்தில் ஊசித்துளை தேடுவது கட்டாயம். 500 மைக்ரான் வரை ஈரப்பஞ்சு கருவி, அதற்கு மேல் உயர் மின்னழுத்தக் கருவி. ஒரு துளை போதும், அமிலம் அதன் வழியே நுழைந்து பின்னாலிருந்து மொத்தத்தையும் தூக்கிவிடும். பிடிப்புக்கு, பூச்சின் மேல் சிறு உலோகக் குமிழைப் பசையால் ஒட்டி இழுத்துப் பார்க்கும் இழுவைச் சோதனை செய்யும்போது எண்ணோடு எங்கே பிரிந்தது என்றும் குறியுங்கள்: எஃகிலிருந்து பிரிந்தால் தயாரிப்பில் குறை, கோட்டுகளுக்கு இடையே என்றால் இடைவெளியிலோ தூசியிலோ குறை, பசையில் என்றால் சோதனையையே மறுபடி செய்ய வேண்டும்.

கையால் தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகத் தரையைத் திறந்துவிடாதீர்கள். சாதாரண எபாக்ஸிக்கு 25 டிகிரியில் நடக்க ஒரு நாள், லேசான வண்டிக்கு மூன்று நாள், ரசாயனத்துக்கும் கனரக வண்டிக்கும் ஏழு நாள். 10 டிகிரிக்குக் கீழே இந்தக் கணக்கு செல்லாது, பல வகைகள் இறுகுவதையே நிறுத்திவிடும். மீந்த பெயின்ட்டில் ஒரு டப்பாவும், பேட்ச் எண்ணும், தடிமன் பதிவும் பராமரிப்புப் பிரிவிடம் இருக்கட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூண் அடி, வடிகால் ஓரம், வண்டி திரும்பும் மூலை இந்த மூன்றையும் பாருங்கள். உள்ளங்கை அளவு சேதத்தை அந்த வாரமே தேய்த்து அடித்துவிட்டால், முழுத் தரையையும் பெயர்க்க வேண்டிய நாள் வெகுவாகத் தள்ளிப்போகும்.